போதும் என்று யாரிடம் சொல்வது?

சித்திரை முதல் நாள், மதியம் ஒரு மணி. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் தரைத்தள உணவகம். மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டு எங்கள் குடும்பத்துக்கு இடம் பிடித்திருந்தார் சித்தப்பா. கைக்குழந்தையையும் சேர்த்தால் 14 பேர். தாத்தா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். முன்னால் இருந்த வெள்ளைப் பீங்கான் தட்டைப் பார்த்தார். மடித்து வைத்திருந்த துணியை எடுத்து ஓரமாக நகர்த்தினார். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்: “எப்பப்பா போடுவாங்க?”

“நாமதான் தாத்தா போய் எடுத்துக்கணும்.”

“தட்டத் தூக்கிக்கிட்டா?”

எல்லோரும் சிரித்தோம். அதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார். “நீங்க உக்காருங்க மாமா, நான் கொண்டு வர்றேன்.”

இத்தனை வருடங்களாகப் புத்தாண்டு அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து எல்லோருக்கும் சமைத்தவர் அவர். “இந்த வருஷமாவது அடுப்புப் பக்கம் போகாம இருங்க” என்று பிள்ளைகள் சேர்ந்து முடிவெடுத்துத்தான் ஓட்டலுக்கு வந்திருந்தோம். வந்த ஐந்தாவது நிமிடம் அவர் கையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டும் அவருக்கானவை அல்ல.

பந்தி போய் பஃபே வந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களும் உண்டு, நிம்மதிப் பெருமூச்சு விடுபவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒன்றைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது: பரிமாறுகிற வேலை எங்கே போனது?

இலையின் முன் மூன்று பேர்

பந்திச் சாப்பாட்டின் விதிகளை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை, பார்த்தே கற்கிறோம். நுனி இலை என்றால் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல் என்று மேல்பாதி நிறைந்த பிறகே சோறு வரும். பருப்பும் நெய்யும், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று போகும் வரிசை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சற்று மாறும். ஆனால் வரிசை என்ற ஒன்று எங்கும் உண்டு.

அளவு மட்டும் யாருடைய தனி முடிவும் அல்ல. வாளியோடு வருகிறவர் முதல் சுற்றில் கொஞ்சமாகத்தான் போடுவார். மறுபடி வரப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டுவார். ‘போதும்’ என்பதற்கு அதுதான் சைகை. பின்னாலேயே வீட்டுக்காரர் வந்து, “அட, என்ன இது, இன்னும் ஒரு கரண்டி போடுங்க” என்பார். பரிமாறுபவரின் கரண்டி, உண்பவரின் உள்ளங்கை, வீட்டுக்காரரின் வற்புறுத்தல் ஆகிய மூன்றும் இழுபட்டு நிற்கும் இடமே ஒருவர் சாப்பிட்ட அளவு.

நேரமும் அப்படித்தான். வரிசை முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும். பக்கத்து இலைக்காரர் மோருக்குக் காத்திருக்கும்போது நாம் எழுந்துவிட்டால் மரியாதைக் குறைவு. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்ற பழமொழி நகைச்சுவையாகச் சொல்வதும் பந்தியின் நேரக் கட்டுப்பாட்டைத்தான். முதல் பந்தியை விட்டவர் அடுத்த பந்திவரை காத்திருக்க வேண்டியதுதான்.

பஃபே இந்த மூவரில் இருவரை விடுவித்துவிட்டது. கரண்டியும் உள்ளங்கையும் ஒரே ஆளுக்குச் சொந்தம். நேரமும் அவரவருடையது. எங்கள் மேசையில் சித்தப்பா சூப்பில் இருந்தபோது அத்தை மகன் ஐஸ்கிரீமில் இருந்தான். 14 பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருந்த கணம், பில் வந்தபோதுதான் வாய்த்தது.

ஸ்வீடன் முதல் டோக்கியோ வரை

‘பஃபே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஆதியில் பாத்திரங்களையும் பண்டங்களையும் வைக்கும் பக்கமேசை என்றே பொருள். சாமானின் பெயர் சாப்பாட்டு முறைக்கு ஆகிவந்தது. ஸ்வீடனில் உணவுக்கு முன் மதுவும் ரொட்டியும் மீனும் வைத்து, விருந்தினர் தாங்களே எடுத்துக்கொண்ட சிறு மேசையிலிருந்து ‘ஸ்மோர்காஸ்போர்டு’ வளர்ந்தது. 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியின் ஸ்வீடன் உணவகம் அதை அமெரிக்கர்களுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

1940களில் லாஸ் வேகாஸின் எல் ராஞ்சோ வேகாஸ் ஓட்டலில் ஹெர்ப் மெக்டொனால்டு என்பவர், ஏறத்தாழ ஒரு டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். சூதாட வந்தவர்கள் பசிக்காக வெளியே போய்விடக் கூடாது. சாப்பாட்டில் விட்ட பணம் சூதாட்ட மேசையில் வந்து சேரும். ஜப்பானில் இதே முறைக்குப் பெயர் ‘பைக்கிங்’. டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் நிர்வாகி இனுமாரு தெட்சுசோ டென்மார்க்கில் ஸ்மோர்காஸ்போர்டைப் பார்த்துவிட்டு வந்து, 1958 ஆகஸ்டில் ‘இம்பீரியல் வைக்கிங்’ உணவகத்தைத் திறந்தார். அந்த உணவகத்தின் பெயர் இன்று அந்நாட்டில் பஃபேக்கே பொதுப்பெயர்.

மூன்று ஊர்களிலும் நோக்கம் வேறு வேறு. ஸ்வீடனில் விருந்தோம்பல், வேகாஸில் வியாபாரத் தூண்டில், டோக்கியோவில் புதுமை. மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: பரிமாறும் ஆளின் இடத்தில் ஒரு மேசை வந்து நின்றது.

பாத்திரம் தேர்ந்தெடுக்கும் மெனு

அந்த மேசையின் மேல் இருப்பவை சேஃபிங் டிஷ் எனப்படும் எஃகுப் பாத்திரங்கள். உருண்டு திறக்கும் மூடி. உணவுத் தட்டுக்கு அடியில் வெந்நீர். அதற்கும் கீழே சிறு டப்பாவில் எரியும் ஜெல். சமைப்பதற்கான கருவி அல்ல இது, சமைத்ததைச் சூடாக வைத்திருப்பதற்கானது. சமைத்த சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூன்று மணி நேரம் நடக்கும் மதிய விருந்துக்கு இந்த ஏற்பாடு இல்லாமல் தீராது.

ஆனால் ஆவி எல்லா உணவுக்கும் ஒத்துவராது. மெதுவடையின் மொறுமொறுப்பு கால் மணி நேரத்தில் போய்விடும். அப்பளம் அந்தப் பாத்திரத்துக்குள் நுழையவே முடியாது. வெளியே கூடையில் கிடந்து நமுத்துப்போகும். ரசம் கொதிநிலையை ஒட்டியே நின்றுகொண்டிருந்தால் கொத்தமல்லி வாசம் பறந்து புளி மட்டும் மிஞ்சும். மாறாக, குருமா, கிரேவி, பனீர், வத்தக்குழம்பு எல்லாம் எவ்வளவு நேரமும் தாக்குப்பிடிக்கும். நேரம் ஆக ஆகச் சிலவற்றுக்கு ருசியும் கூடும்.

பண்டிகை பஃபேக்களில் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி கிரேவிகள் வரிசைகட்டி நிற்பதற்குச் சமையல்காரரின் ரசனைக் குறைவு மட்டும் காரணமல்ல. மெனுவின் பாதியைப் பாத்திரமே தேர்ந்தெடுத்துவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் ‘லைவ் கவுண்டர்’ வந்தது. தோசை, ஆப்பம், சாட், பாஸ்தா ஆகியவற்றைக் கண்முன்னே ஒருவர் போட்டுத் தருகிறார். அங்கே நீளும் வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். விதவிதமாகப் பரப்பி வைத்த கூடத்தில், ஒரு மனிதர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடும் இடத்தில்தான் கூட்டம் அதிகம். ஓட்டலுக்கும் அது லாபம். சின்னத் தோசைக்கு மேல் ஒன்றை வாங்க மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அளவு மீண்டும் பரிமாறுபவர் கைக்குப் போய்விடுகிறது.

கொடுத்த காசும் அடங்காத நாக்கும்

எங்கள் மேசையில் அன்று அதிகம் ஒலித்த வாசகம், “கொடுத்த காசுக்காவது சாப்பிடு.” நபருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த விலை. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல் என்பதால் அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சாதாரண உணவகத்தில் இது 5 விழுக்காடுதான். உள்ளே நுழைந்ததும் அந்தப் பணம் போனது போனதுதான். ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாலும் அது திரும்பி வராது. ஆனாலும், போன செலவு நம் முடிவுகளைப் பிடித்து ஆட்டுகிறது. இந்தப் போக்கை நுகர்வோர் நடத்தையில் வைத்து 1980-இல் விளக்கியவர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஓட்டல்காரர் கவலைப்படுவதில்லை. பந்தயம் போட்டுத் தின்னும் இளைஞனுக்குப் பக்கத்திலேயே தயிர்சாதத்தோடு முடித்துக்கொள்ளும் தாத்தா உட்கார்ந்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும். கூட்டுக்குடும்பம் வந்தால் கணக்கு தானே சமனாகிவிடும்.

காசைவிட வலுவானது நாக்கின் கணக்கு. 1981-இல் பார்பரா ரோல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை கொடுத்தபோது மக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரு சுவை திகட்டிவிட்டாலும் வேறொரு சுவைக்கு ஆசை மிச்சம் இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகு குலாப்ஜாமுனுக்கு மட்டும் எங்கிருந்தோ இடம் கிடைப்பது இதனால்தான். வயிறு ஒரே ஒரு முறை சொல்லும் ‘போதும்’ நாக்குக்குப் போதாது; அது ஒவ்வொரு சுவைக்கும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். ஐம்பது பண்டங்கள் இருந்தால் ஐம்பது முறை.

கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. மக்கள் எழுதி வைத்த உணவுக் குறிப்பேடுகளை ஆராய்ந்த ஜான் டி காஸ்ட்ரோ, பிறரோடு சேர்ந்து உண்ட வேளைகளில் உணவளவு தனியே உண்டதைவிடச் சுமார் 44 விழுக்காடு அதிகம் என்று 1989-இல் எழுதினார். கூடி உண்பதே பெரும்பாலும் விசேஷ நாளில்தான் என்பதால் முழுப் பழியையும் சொந்தக்காரர்கள் மீது போட முடியாது. பேச்சு நீள நீள உட்கார்ந்திருக்கும் நேரம் நீள்கிறது, கை சும்மா இருப்பதில்லை என்பது அவரவருக்குத் தெரிந்ததுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பஃபே பற்றியும் தட்டின் அளவு பற்றியும் பத்திரிகைகளில் சுவாரசியமாக வலம்வந்த முடிவுகள் பல, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்கிடமிருந்து வந்தவை. ஒரு பீட்சா பஃபேயில் திரட்டிய தரவுகளை வைத்து அவர் குழு வெளியிட்ட கட்டுரைகளில் எண்கள் பொருந்தவில்லை என்று பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதில் தொடங்கி, 2018-இல் அவர் ஆய்வு நெறியை மீறியதாகப் பல்கலைக்கழகமே அறிவிக்கும்வரை போனது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. சாப்பாட்டைப் பற்றி நம் மனம் ஏற்கெனவே நம்புவதை ஓர் ஆய்வு அப்படியே சொன்னால், அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மறுபடி வாருங்கள்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு வீடுகளில். உணவகம், ஓட்டல், கேண்டீன் போன்றவற்றின் பங்கு 28 விழுக்காடு. குப்பைக்கு ஓட்டலை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு வீட்டு ஃபிரிட்ஜை மூடிவிட முடியாது.

பஃபேயின் மிச்சம் இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று, கடைசியில் வருபவருக்கும் பாத்திரம் காலியாகத் தெரியக் கூடாது என்று நிரப்பிக்கொண்டே இருப்பதால் கவுண்டரில் தேங்குவது. இன்னொன்று, கண் பசியில் எடுத்துத் தட்டில் விடுவது. இரண்டாவதற்கு வடஐரோப்பாவின் ஓட்டல்களில் ஒரு தீர்வைச் சோதித்தார்கள். ஸ்டெஃபன் கால்பெக்கன், ஹோகோன் சாலன் என்ற இரு நார்வே ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இது: தட்டைச் சிறிதாக்கிய ஓட்டல்களிலும், ‘எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பை மட்டும் வைத்த ஓட்டல்களிலும் உணவு வீணாவது சுமார் 20 விழுக்காடு குறைந்தது. விருந்தினரின் திருப்தி குறையவில்லை.

அந்த அறிவிப்பு சொல்வதை நம் பந்தியில் ஒருவர் வாளியோடு நடந்து நடந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: இப்போது கொஞ்சம் போடுகிறேன், மறுபடி வருவேன்.

பந்தியின் மறுபக்கம்

இதை வைத்துப் பந்தியைப் பொற்காலமாக்கினால் வரலாற்றைப் பாதி மறைத்தவர்களாவோம். யாரோடு யார் வரிசையில் உட்காரலாம் என்பதே சாதியின் அளவுகோலாக இருந்த நாடு இது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது தெரியவந்தபோது, 1920களின் நடுவில் தமிழகக் காங்கிரஸே பிளவுபடும் அளவுக்குச் சண்டை எழுந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை முன்னின்று எதிர்த்தார்கள். 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசு இன்றும் பொது விருந்து நடத்துவதற்கு ‘சமபந்தி’ என்று பெயர் வைக்க வேண்டியிருந்ததே, பந்தி சமமாக இல்லை என்பதற்குச் சாட்சி.

பஃபே வரிசையில் முன்னால் நிற்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே கரண்டியைத்தான் எல்லோரும் தொடுகிறார்கள். இந்தச் சாதாரணக் காட்சி சில தலைமுறைகளுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. வாசலில் இப்போது நிற்பது பணம் என்பதும் உண்மைதான். அந்தக் கூடத்தில் தட்டு எடுத்துப் போகும் பையன்களில் எத்தனை பேர் தம் குடும்பத்தை அங்கே அழைத்துவந்து உட்காரவைக்க முடியும்?

வேலை போன இடம்

இனி முதல் கேள்விக்கு வரலாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள், ஆண்களுக்கு 97. பண்டிகை நாளில் இந்த இடைவெளி குறையும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. எனவே ஓட்டலுக்குப் போகலாம் என்ற முடிவு ஆடம்பரம் மட்டுமல்ல; ஒருவருக்கு ஒரு நாள் விடுப்பு.

ஆனால் விடுப்பு அடுப்படிக்கு மட்டும்தான் கிடைக்கிறது. எங்கள் மேசையில் நான் பார்த்தவரை, பெரியம்மா முதலில் தாத்தாவுக்கு எடுத்துவந்தார், காரம் இல்லாததாகப் பார்த்து. பிறகு அத்தையின் இரண்டு வாண்டுகளுக்கு நூடுல்ஸ். மூட்டுவலி உள்ள சின்னப் பாட்டிக்கு இட்லி. “பிரியாணி நல்லாருக்கு, கொஞ்சம் வச்சுக்கோ” என்று என் தட்டில் ஒரு கரண்டி. அவர் தனக்கென்று எடுத்துவந்து உட்கார்ந்தபோது மணி இரண்டரை. சித்தப்பாவும் நாங்களும் இரண்டாம் சுற்று இனிப்பில் இருந்தோம். கடைசிப் பந்தியில் உட்காரும் வழக்கம் பந்தியே இல்லாத இடத்திலும் அவரோடு கூடவே வந்திருந்தது. மேசை வந்து பரிமாறும் ஆளை நீக்கியது. பெரிய குடும்பமோ அந்த ஆளை மறுபடி தனக்குள்ளிருந்தே நியமித்துக்கொண்டது. அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவருக்கும்கூட.

அப்படியானால் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லோரும் தாங்களே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் வேப்பம்பூப் பச்சடி குறுக்கே வருகிறது. புத்தாண்டுச் சாப்பாட்டில் இனிப்பும் புளிப்புமான மாங்காய்ப் பச்சடியோடு வேப்பம்பூவின் கசப்பும் சேர வேண்டும். வரும் ஆண்டில் எல்லாம் கலந்துதான் வரும் என்பதற்கு அடையாளம். ஓட்டலும் மறக்காமல் செய்திருந்தது. சாலட் வரிசையின் கடைசியில், பெயர்ச் சீட்டோடு ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். மதியம் இரண்டு மணிக்கு அதில் கரண்டி பட்ட தடமே இல்லை. ஐம்பது பண்டங்களில் கசப்பை யார் தேடிப் போய் எடுப்பார்கள்? வீட்டில் அது தேர்வுக்கு விடப்பட்டதே இல்லை. கேட்காமல் இலையில் விழும். முகம் சுளித்துக்கொண்டே விழுங்குவோம்.

பெரியம்மா அந்தக் கிண்ணத்தைக் கண்டுபிடித்தார். பரிசாரகரிடம் கேட்டு அதை அப்படியே மேசைக்கு எடுத்துவந்தார். பாஸ்தாவுக்கும் தந்தூரிக்கும் நடுவில் ஒவ்வொரு தட்டிலும் அரைக் கரண்டி வைத்துக்கொண்டே வந்தார். “கொஞ்சம்தான். வாயில போட்டுக்கோ.” தாத்தா மட்டும் நிமிர்ந்து பார்த்து, உள்ளங்கையைத் தட்டுக்கு மேல் நீட்டினார். அன்றைக்கு அவருக்கு முதன்முறையாகப் பழகிய சாப்பாடு கிடைத்த மாதிரி இருந்தது.

சுற்றி முடித்து அவர் தன் நாற்காலிக்கு வந்தபோது, அத்தை மகன் எழுந்து அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். மிச்சமிருந்ததை அவர் தட்டில் போட ஆரம்பித்தான். அடியில் கிடந்தது என்பதால் பூ அதிகம், மாங்காய் குறைவு.

“போதும்டா, போதும்” என்றார் பெரியம்மா, கையைக் குறுக்கே நீட்டி.

“இன்னும் ஒரு கரண்டி பெரியம்மா” என்றான் அவன்.